ஆன்ட்டியின் குரலுக்கு ஒரு தலைப்பு

ஜூலை 3, வியாழன். குளுவாங்.

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் பாவ்லா காட்டிவிட்டுப் போனது. துணி காயவில்லை.

செய்ய வேண்டியவை: மைக்குக்குப் புதுப் பஞ்சு உறை (பழையதைப் பூனை கடித்துக் குதறிவிட்டது). காருக்கு எண்ணெய். எட்டாம் பகுதிக்குத் தலைப்பு.

தலைப்பு விஷயத்தில் எனக்குப் பயமே கிடையாது. மலேசிய விமான வரலாறு பற்றித் தமிழில் பாட்காஸ்ட், ஏழு பகுதி போட்டாயிற்று, ஏழுக்கும் தலைப்பு தேர்ந்தது நான். தோட்டத்துக்கு மேல் மருந்து தெளித்த பழைய விமானியிடம் எல்லோரும் விபத்தைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள். நான் கேட்டது, அந்த வாடை போக விமானத்தை எதைப் போட்டுக் கழுவினீர்கள் என்று. மனிதர் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை.

மதியம் ஒரு அழைப்பு. சிகாமட்டிலிருந்து பரமேஸ்வரி ஆன்ட்டி (இனி ப.ஆ.). சிலோன் தமிழர். கிழக்குக் கரையில் ஒரு சின்ன விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அங்கே ஒரே பெண். நான் போன வருடமே கேட்டபோது மறுத்தவர். இப்போது அவராகவே கூப்பிடுகிறார்!

"தைரொய்ட் கட்டி பிள்ளை. பதினாலாம் திகதி ஜேபி ஆஸ்பத்திரியிலை ஒப்பரேஷன். குரல் நரம்புக்குப் பக்கத்திலை கிடக்குதாம். முந்தின மாதிரிக் குரல் வராமலும் போகலாம் எண்டு டொக்டர் சொல்லுறார். அதுக்கு முந்தி என்ர குரல் எங்கையாவது இருக்கட்டும்."

உடனே சரி என்றேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

ஜூலை 4, வெள்ளி

வெயில். பாயின் கடையில் தொழுகைக் கூட்டம் கலையும் வரை காத்திருந்தேன். ரஹீம் பாய்: சாப்பாட்டுக் கடை முதலாளி, விமானப் பைத்தியம், பாட்காஸ்டில் என் கூட்டாளி. வானத்தில் சத்தம் கேட்டால் மாவைக் கல்லிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடுவார். நல்ல மனிதர். ஒரே குறை, விருந்தாளியிடம் கேள்வியும் கேட்டுப் பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

பாயின் தலைப்புகள்: 1. பறக்கும் தட்டு பார்த்தீங்களா? 2. எந்த எந்த ராஜா வந்து இறங்குனாங்க? 3. விமானிங்க ரேடியோவுல கெட்ட வார்த்தை பேசுவாங்களா?

என் தலைப்பு: மழைநாளில் மேகத்துக்குள் வழி தவறிய ஒரு சின்ன விமானம். ப.ஆ. போனில் ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திய விஷயம்.

"கலா, மூணாவது நல்லாத்தானே இருக்கு லா."

"பாய், அவங்க குரல் போகப் போவுது. கெட்ட வார்த்தை கேக்கவா போறோம்?"

பாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எனக்கு இன்னொரு தே தாரேக் டீ போட்டார்.

கறாராகச் சொல்லி வைத்தேன்: பதிவுக்கு முன் கதையைத் தொடக்கூடாது. யாரும் ஒரு கதையை ஒரு முறைதான் உயிரோடு சொல்வார்கள். இரண்டாவது முறை அறிக்கை வாசிப்பார்கள். வெயிலைப் பற்றிப் பேசு, விலைவாசியைப் பற்றிப் பேசு, விமானம் வேண்டாம். பாய் அல்லாஹ் மேல் ஆணை என்றார்.

ஜூலை 5, சனி. சிகாமட்.

கிளம்பும்போதே மழை. வழியெல்லாம் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்.

நாசமாகப் போனது. எழுதவே கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

ப.ஆ. சின்ன உருவம், நிமிர்ந்த முதுகு. கழுத்தில் வீக்கம் தெரிகிறது. அதை மறைக்கத் துண்டு எதுவும் போடவில்லை. மேசையில் இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு, சம்பல்.

"முதலிலை சாப்பிடுங்கோ. வெறும் வயித்தோடை ஒருத்தரும் கதைக்கேலாது."

மைக்கை எடுக்கப் போனேன். பாய் என் கையைத் தட்டினார். சோறு போடும் வீட்டில் சாப்பாட்டு மேசையில் மைக் வைப்பது மரியாதை இல்லையாம். சரிதான். தட்டுச் சத்தமும் விழும். பையை மூடினேன்.

நாலாவது இடியப்பத்தில் பாய் மழையைப் பற்றிப் பேசினார். நான் சொன்னபடி வெயில், மழை! "இந்த மாதிரி மழையில பிளேன் எப்படி ஆன்ட்டி இறங்கும்?"

ஆணையாவது ஒன்றாவது.

ப.ஆ. கரண்டியை வைத்தார். தொடங்கிவிட்டார். பயிற்சி விமானம். உள்ளே ஒரே ஒரு பையன். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டு ரேடியோவில் அழுகிறான். அம்மா, அம்மா என்கிறான். இவர் அவனிடம் மேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார். நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. முட்டை இருந்ததா? இருந்தது. அவித்ததா, பொரித்ததா? அவன் யோசிக்க ஆரம்பித்ததும் அழுகை நின்றுவிட்டது. "சரி, இப்ப இடப்பக்கம் திரும்பும்" என்றாராம்.

சொல்லும்போது அவர் குரல் மாறியது. தணிந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. பாய் மெல்வதை நிறுத்திவிட்டார். மைக் பைக்குள் இருந்தது என் நினைவிலேயே இல்லை. "அப்புறம்?" என்று கேட்டது பாய் இல்லை, நான்.

சாப்பாடு முடிந்து பதிவு. தலைப்பு: மழைநாள் விமானம்.

"அதுதான் முதலே சொன்னன் தானே. மழை. பொடியன் பயந்திட்டான். கதைச்சு இறக்கினம்."

அவ்வளவுதான். மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டேன். மூன்று முறையும் அதே அறிக்கை. அவரும் களைத்துப் போனார். கழுத்தைத் தடவிக்கொண்டே, "இது காணுமோ பிள்ளை?" என்றார். போதும் என்று பொய் சொன்னேன்.

திரும்பினோம். பாய் பேசாமல் வந்த முதல் பயணம்.

ஜூலை 6, ஞாயிறு

மப்பு வானம். பூனைக்கு வயிறு சரியில்லை (பஞ்சு உறை!).

பதிவைக் கேட்டேன். சளி பிடித்த ஒரு பெண்மணி வரிகட்டும் அலுவலகத்தில் பேசுவதுபோல் இருக்கிறது. கழுத்து வலி அப்படியே கேட்கிறது. இதையா அவர் குரல் என்று வைத்துவிட்டுப் போவது? வெட்கமாக இருக்கிறது.

பாய் வாட்சப்பில் குரல் செய்தி. ஐந்து நிமிடம். மன்னிப்பு அரை நிமிடம், மீதி வேறு ஏதோ விமானத்தைப் பற்றி. திட்டலாம் என்று எடுத்து, சிரிப்பு வந்து விட்டுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

அலுவலகம் (சரக்கு லோரிகளை அனுப்பும் வேலை). செனாய் பக்கம் எங்கள் லோரி ஒன்று பழுது. டிரைவர் போனில் கத்துகிறார், சரக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும் என்று. நான் வழி சொன்னேன். ஓரமாக நிறுத்து, ஹசார்ட் லைட்டைப் போடு, நான் வேறு வண்டி அனுப்புகிறேன். வைத்ததும் பக்கத்து மேசை மேகலா:

"அக்கா, இந்தக் குரல் எங்கேர்ந்து வருது? சாப்பிடும்போது வேற மாதிரி பேசுறீங்க, டிரைவர்கிட்ட பேசும்போது வேற ஆளு."

பேனாவைக் கீழே போட்டேன்.

ப.ஆ. என்னிடம் கதை கேட்கச் சொல்லவே இல்லை! என் குரல் எங்கேயாவது இருக்கட்டும் என்றார். அவர் சொன்ன குரல் சொதி ஊற்றும் குரல் இல்லை. கோபுரத்துக் குரல். அது எதிரில் ஒரு விமானம் இருந்தால்தான் வரும். நானோ எதிரில் மைக்கை வைத்தேன்.

தலைப்பு கிடைத்துவிட்டது. நான் எப்போதுமே கண்டுபிடித்துவிடுவேன், இந்த முறை கொஞ்சம் சுற்றி வந்தேன், அவ்வளவே.

ஜூலை 9, புதன்

ப.ஆ.வுக்குப் போன். தலைப்பு: "ஒரு விமானத்தை இறக்குவது." கதை வேண்டாம், இறக்கிக் காட்டுங்கள்.

"விமானத்துக்கு எங்கை போறது?"

"பாய் இருக்காரு."

"அவர் சொன்னதைக் கேப்பாரோ?"

கேட்கவைப்பது உங்கள் பொறுப்பு என்றேன். சிரித்தார். இருமலும் வந்தது.

பாயிடம் சொன்னபோது, "நான் பைலட்டா? நானா?" இரண்டு தரம். மேசை துடைத்த துணியைத் தோளில் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 12, சனி. சிகாமட்.

நல்ல வெயில். பதிவு முடியும் வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது என்று வாசலிலேயே அறிவித்தேன். பாய் விடியற்காலையிலிருந்து வெறும் வயிறு. இடியப்பத்துக்கு இடம் விட்டு வந்திருந்தார்.

பாயைப் படுக்கை அறையில் வைத்து, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினேன். ப.ஆ. கூடத்தில், ஜன்னலைப் பார்த்து. இருவருக்கும் மைக்கோடு ஹெட்போன், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பாய்க்கு அழைப்புப் பெயர் வேண்டும். ப.ஆ. யோசிக்கவே இல்லை: "ரொட்டி வன்." ரொட்டி நம்பர் ஒன்று.

முதலில் விதியைச் சொன்னார். கோபுரம் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் (ரீட் பேக்). கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நான் இடையில் ஒரே கேள்வி கேட்டேன், ரேடியோ செத்துப் போனால்?

"விளக்குக் காட்டுவம். சிவப்பு எண்டால் சுத்திக்கொண்டே இரும். பச்சை மினுக்கினால் திரும்பி வாரும். பச்சை நிண்டு எரிஞ்சால் இறங்கலாம். பகலிலை எண்டால், விளங்கிச்சுது எண்டு விமானம் ரெண்டு செட்டையையும் ஆட்டிக் காட்டும்."

பிறகு தொடங்கினோம். வந்துவிட்டது அந்தக் குரல்! தணிந்து, நிதானமாக. கழுத்து வீக்கம் எங்கே போனதோ. "ரொட்டி வன், டிசென்ட் டு டூ தவுசன்ட்."

பாய்: "டூ தவுசன்ட், ரொட்டி வன், ஆன்ட்டி இங்க மேகம் ரொம்ப கருப்பா இருக்கு, எனக்கு என்னா தோணுதுன்னா..."

"ரொட்டி வன். ரீட் பேக் ஒன்லி."

"...டிசென்ட் டு டூ தவுசன்ட், ரொட்டி வன்."

பதினேழு வருடப் பழக்கத்தில் பாயை யாரும் இப்படி நிறுத்திப் பார்த்ததில்லை.

நான் முன்பே எழுதிக் கொடுத்தபடி மேகம், மழை, ஒன்றும் தெரியவில்லை. பாய் நடிப்பார் என்று நினைத்தேன். அவர் நடிக்கவில்லை. இருட்டறையில் கண்ணை மூடிக்கொண்டாராம், நிஜமாகவே எங்கேயோ தொங்குவதுபோல் ஆகிவிட்டதாம். குரல் நடுங்கியது. "ஆன்ட்டி, எனக்கு ஒண்ணும் தெரியல. அலமாக், ஒண்ணும் தெரியல ஆன்ட்டி."

ப.ஆ. ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரொட்டி வன். காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"ஒண்ணும் சாப்பிடல. கலா விடல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரிக்கவும் முடியாது, மைக் இருக்கிறது. ப.ஆ. உதட்டோரம் லேசாக அசைந்தது. குரல் அசையவில்லை.

"விளங்குது. இறங்கினதும் இடியப்பம் இருக்கு. எத்தினை வேணும்?"

யோசிக்கும் சத்தம். "...ஆறு."

"ஆறு. இப்ப டர்ன் லெஃப்ட்."

"டர்ன் லெஃப்ட், ரொட்டி வன்." அழுத்தமாக, விமானி மாதிரியே.

"ரொட்டி வன், கிளியர்ட் டு லேண்ட்."

"கிளியர்ட் டு லேண்ட், ரொட்டி வன்."

கதவைத் திறந்துகொண்டு பாய் வந்தார். சட்டை முழுக்க வியர்வை. "நான் நெஜமாவே இறங்குனேன் தங்கச்சி." கண்ணைத் துடைத்தார், அதை மறைக்கவும் இல்லை. ப.ஆ. ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து போய் ஆறு இடியப்பம் எடுத்து வைத்தார். எண்ணித்தான் வைத்தார்.

கிளம்பும்போது: "இதை இப்ப வெளியிலை விடாதேங்கோ. ஒப்பரேஷன் முடிய நான் கேட்டுட்டுச் சொல்லுறன். விளையாட்டு மாதிரி இருந்தால் வேண்டாம். என்ர வேலை விளையாட்டில்லை."

சரி என்றேன். அவர் வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன். இதையும் எழுதி வைக்கிறேன், பிறகு மனசு மாறக்கூடாது.

ஜூலை 14, திங்கள்

ஒப்பரேஷன் நாள். மழை. பாய் கடையில் சமோசா கருகியதாம். நான் பதிவில் இருமல்களை மட்டும் வெட்டினேன். இடியப்பத்தில் கை வைக்கவில்லை.

மாலையில் அவர் மகளிடமிருந்து செய்தி: நலம். பேசக்கூடாது.

ஜூலை 17, வியாழன். ஜேபி.

அரை நாள் விடுப்பு. சிங்கப்பூர்ப் பாலத்து (காஸ்வே) நெரிசலில் ஒரு மணி நேரம்.

வார்டு. கழுத்தில் கட்டு. எங்களைப் பார்த்ததும் வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. நர்ஸ் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். குரல் திரும்புமா என்று தெரிய இன்னும் சில மாதம் ஆகுமாம். பாய் வாங்கி வந்த ஆரஞ்சுப் பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

போனைக் கொடுத்தேன். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பதிவை முழுவதும் கேட்டார். கண் மூடி, முகத்தில் ஒன்றுமே தெரியாமல். சாப்பாட்டுத் தட்டு ஆறிக்கொண்டிருந்தது: கஞ்சி, மீன், கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் பச்சை அகார்-அகார் ஜெல்லி. ஓரிடத்தில் மட்டும் அவர் வயிறு குலுங்கியது. ஆறு இடியப்பமாக இருக்கும்.

முடிந்தது. காதிலிருந்து எடுத்தார். எங்களையே பார்த்தார்.

"போடலாமா ஆன்ட்டி?" என்றேன். எனக்கு இவ்வளவு பயம் எப்போதும் வந்ததில்லை.

அவர் தட்டிலிருந்து அகார்-அகார் கிண்ணத்தை எடுத்தார். என் போனில் டார்ச்சைப் போட்டு, கிண்ணத்துக்குப் பின்னால் பிடித்து, எங்கள் பக்கம் திருப்பினார். பச்சை.

பாய் என் காதில், "மினுக்குதா, நின்னு எரியுதா?"

நின்று எரிந்தது. கை துளியும் ஆடவில்லை.

பாய் ஆரஞ்சுப் பையைத் தரையில் வைத்தார். வார்டு நடுவில், எல்லோரும் பார்க்க, இரண்டு கையையும் விமானச் செட்டைபோல் விரித்து இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. நர்ஸ் ஓடி வந்தாள். "பாக்சிக், டுடுக், டுடுக்," அங்கிள், உட்காருங்கள் என்று மலாயில்.

பாய் நாற்காலியில் உட்காரும் வரை ஆன்ட்டி விளக்கை இறக்கவே இல்லை.