பின்சீட்டில் என் கண்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றும் காசர்வாடி சிக்னலில் நான்தான் "எம்மா, ரெட்டு!" என்று கத்தினேன். ஸ்கூட்டர் குலுங்கி நின்றது. பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரர் மராத்தியில் திட்டினார். அம்மா திரும்பி மராத்தியிலேயே அவரை இரண்டு மடங்கு திட்டினாள். திட்டுவதற்குக் கண் தேவையில்லை போல.

புனேயில் போபோடியிலிருந்து சிஞ்ச்வட் பள்ளிக்கூடம் வரை தினமும் இப்படித்தான். அம்மா அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் பத்தாவது. அவள் ஓட்டுகிறாள், நான் பார்க்கிறேன். பள்ளம், பஸ், மாடு, சிக்னல். முதல் பீரியடுக்குள் எனக்குக் கண் எரிய ஆரம்பித்துவிடுகிறது.

ஆகஸ்ட் 14

"அப்பாட்ட சொல்லிராத, கேட்டியா. வண்டியப் பிடுங்கிருவாங்க" என்றாள் அம்மா.

சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல முடியாததால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

கண் ஆஸ்பத்திரி. அப்பாவிடம் செருப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனோம். டாக்டர் ஸ்ரீரஞ்சனி தமிழ்தான். ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினார். உள்ளே இருக்கும் லென்ஸ் மங்குவதுதான் கண்புரையாம். சுகர் இருப்பதால் அம்மாவுக்கு நாற்பத்தாறு வயதிலேயே வந்துவிட்டது. சொட்டு மருந்தில் கரையாது. ஆபரேஷன் செய்து வேறு லென்ஸ் வைக்க வேண்டும்.

"எப்ப பண்ணணும் டாக்டர்?"

"அத நீங்கதான் சொல்லணும். அன்றாட வேலைக்கு இடைஞ்சலா இருக்கா? படிக்க, சமைக்க, வண்டி ஓட்ட?"

"ஒண்ணும் கஷ்டமில்ல டாக்டர். எல்லாம் நானே பாத்துக்கிடுதேன்."

நானே! பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவது யார்? அரிசியில் கல் பொறுக்குவது யார்? இருட்டு அறையில் எழுத்துப் பலகையை அம்மா ஓரளவு படித்துவிட்டாள். வெயிலிலும் ஹெட்லைட்டிலும்தான் மோசம். அதை அவள் சொல்லவே இல்லை.

"அப்ப அவசரமில்ல. மூணு மாசம் கழிச்சு வாங்க."

சிக்னலில் அவ்வளவு சத்தமாகத் திறக்கிற வாய், அங்கே ஏன் திறக்கவில்லை?

ஆகஸ்ட் 30

கீழ்வீட்டு வனஜா ஆன்ட்டி அம்மாவிடம்: "நல்லா பழுக்கட்டும் எல்சி. எங்க மாமனாருக்கு மூணு வருஷம் பழுக்கவிட்டுத்தான் எடுத்தாங்க."

என்ன இது, மாம்பழமா? அதெல்லாம் அந்தக் காலம், ரொம்ப நாள் விட்டால் லென்ஸ் கெட்டியாகி ஆபரேஷன்தான் சிரமமாகும் என்று டாக்டர் சொன்னாரே. அம்மாவும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்!

"உன் பரீட்சை முடியட்டும்ட்டி."

மார்ச் வரைக்கும்!

"பயமா இருக்காம்மா?"

"வாய மூடிட்டு ஹிஸ்டரியப் படி."

செப்டம்பர் 4

எனக்கும் பயம்தான். கண்ணில் கத்தி. நான் நச்சரித்து, அவள் சம்மதித்து, அதன்பிறகு ஏதாவது தப்பாகிவிட்டால்?

செப்டம்பர் 10, புதன்

காய்ச்சல். நான் பள்ளிக்குப் போகவில்லை. காலையில் அம்மா தனியாக எப்படியோ போய்விட்டாள். சாயங்காலம் மழை. வழக்கமான நேரம் தாண்டியும் வரவில்லை. ஃபோன் எடுக்கவில்லை. நான் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. கர்த்தரே, கர்த்தரே என்று மட்டும்தான் வந்தது, ஜெபம்கூட வரவில்லை.

கடைசியில் சந்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புடவை முழுக்க ஈரம்.

"பெட்ரோல் தீந்துட்டு."

அவள் குளிக்கப் போனதும் கீழே போய்ச் சாவியைப் போட்டுப் பார்த்தேன். முள் பாதிக்கு மேல் நிற்கிறது.

செப்டம்பர் 11

"பெட்ரோல் இருக்கும்மா."

அம்மா நேற்றைய புடவையை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, "தாபோடி பாலத்துக்கிட்ட எதுத்தாப்ல வந்த லைட்டெல்லாம் வெடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு பிள்ள ரோட்டக் கடந்திருக்கு. நான் பாக்கலட்டி. அதோட அம்மைதான் பிடிச்சு இழுத்தா."

கத்திவிட்டேன். நான் பின்னால உக்காந்து சொல்லிக்கிட்டே இருக்கதாலதான உனக்கு ஒண்ணுமில்லன்னு நெனைக்க! டாக்டர்ட்டயே பொய் சொல்லுத! இனிமே ஏற மாட்டேன். ஒரு சிக்னல்கூட சொல்ல மாட்டேன். போ!

திருப்பித் திட்டுவாள் என்று நினைத்தேன். வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

செப்டம்பர் 13, சனி

அப்பாவிடம் அம்மாவே சொல்லிவிட்டாள். அப்பா ஃபேக்டரிக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தார். வழி முழுக்க ஒரே கேள்வி: "அப்போ அந்தச் செருப்பு எங்க?"

டாக்டர் போன தடவை கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"வண்டி ஓட்ட முடியல டாக்டர். இவ்வளவு நாளும் இவ கண்ணுலதான் ஓட்டுனேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முதலில் சுகர் குறைய வேண்டும். பிறகு இடது கண்ணில் ஆபரேஷன் என்றார்.

செப்டம்பர் 26

முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"வலிச்சுதாம்மா?"

"இல்லட்டி. கலர் கலரா வெளிச்சம். டாக்டரம்மா வேற பேசிக்கிட்டே இருந்தாவ."

இதற்கா இத்தனை நாள்? சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது.

அக்டோபர் 6, திங்கள்

அம்மா இன்னும் லீவில் இருக்கிறாள். வலது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி வாங்கிவிட்டாள். எனக்கு அப்போது யூனிட் டெஸ்ட் என்றேன். "எழுது. யாரு வேண்டாம்னா?" என்றாள்.

நான் பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். ஜன்னல் சீட்டு. காசர்வாடி வரை நினைவிருக்கிறது. அப்புறம் கண்டக்டர் தோளைத் தட்டுகிறார்: "நிக்டி ஆலா, உத்ரா!" கடைசி ஸ்டாப் வந்துவிட்டதாம், இறங்கச் சொல்கிறார். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. சிஞ்ச்வட் எப்போதோ போய்விட்டிருந்தது.

முதல் பீரியட் முடியும்வரை மிஸ் வெளியே நிற்க வைத்தார். கன்னத்தில் ஜன்னல் கம்பி அழுந்திய கோடு மத்தியானம் வரை போகவில்லை.