பாட்டாவின் கையில் இருந்தது

1933 ஜூலை 3, திங்கள்

லேஸ் வகுப்பில் இன்று ஏழு பிள்ளைகள் நூலை அறுத்தார்கள். மிஷன் அம்மா பார்க்க வரும் நாளாகப் பார்த்துத்தான் அறுப்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் தக்கலை தாலுகா கச்சேரியிலிருந்து ஒரு அச்சடித்த பாரம். அப்பா இறந்து நேற்றோடு முப்பது நாள். எங்கள் வீட்டிலுள்ள பழைய ரிவால்வரின் லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. வருஷம் முடிவதற்குள் யாராவது தம் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் சர்க்காரில் ஒப்படைக்க வேண்டும். எப்படியானாலும் பாரத்தை நிரப்ப வேண்டும். செய்த ஆண்டு, மதிப்பு என்று இரண்டு கட்டங்கள்.

ஆபேல் அண்ணனுக்குப் பனை நிற்கும் விளையும் வீடும். எனக்கு அம்மாவின் சங்கிலியும் பாட்டாவின் ரிவால்வரும். சாவதற்கு மூன்று நாள் முன்பு அப்பா சொன்னார்: "அது உனக்கு இருக்கட்டும் மக்கா. நீதான் எதையும் கேட்டுப் பாக்கியவ." முப்பத்தைந்து வயதுக்காரிக்கு, அதுவும் கல்யாணம் ஆகாத டீச்சருக்கு, ரிவால்வர். அண்ணன் மனைவி தங்கபாய் மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

செய்த ஆண்டு எழுத என்ன யோசனை? எங்கள் சபையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும். 1859, தோள்சீலைக் கலகம். நம் பெண்கள் மேலே துணி போட்டதற்காக மேல்சாதிக்காரர்கள் அடித்தார்கள், வேதக்கோவில்களை எரித்தார்கள். எங்கள் கோவிலை எரிக்க நாற்பது பேர் வந்தார்கள். உள்ளே பெண்களும் குழந்தைகளும். அப்பாவின் அப்பா, சபை உபதேசியாரான எங்கள் பாட்டா, இந்த ரிவால்வரோடு தனியாக வாசலில் நின்றார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

வரும் ஜனவரியில் அதற்கு எழுபத்தைந்தாம் ஆண்டு. அண்ணன் சபைச் செயலர். ரிவால்வரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறான், மாதக் கணக்காகப் பேச்சு எழுதுகிறான். எங்கள் கதையில் அது சுடவே இல்லை. அண்ணனின் பேச்சில் இரண்டு தடவை சுடுகிறது.

ஜூலை 8, சனி

இன்று முதல் தடவையாகத் தனியாக அதை எடுத்துப் பார்த்தேன். தோட்டா எதுவும் கிடையாது, அப்பா வாங்கியதே இல்லை. தேங்காயெண்ணெய்த் துணியைப் பிரித்ததும் கை தாழ்ந்தது. அடுக்களைத் தராசில் இரண்டு ராத்தலுக்கு மேல்.

இரண்டு பக்கமும் கொடியும் இலையும் வெட்டியிருக்கிறான். அச்சில் வார்த்தது இல்லை, கையால் வெட்டியது. ஒரு இலை போல இன்னொன்று இல்லை. என்னிடமுள்ள மிகச் சன்னமான நூலை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன், நூல் தடியாக இருக்கிறது. பிடிக்கு அடியில், யாரும் திருப்பிப் பார்க்காத இடத்தில், கடைசி இலைக்கும் நரம்பு போட்டிருக்கிறான். அங்கே எதற்கு? யார் பார்க்க?

உருளையைச் சுற்றினால் ஐந்து துவாரமும் ஒவ்வொன்றாக வந்து அசையாமல் நிற்கின்றன. இருபது முறையாவது சுற்றியிருப்பேன். கொல்வதற்குச் செய்த பொருளை இப்படி வியந்து பார்ப்பது பாவமோ என்னவோ. கண் விலகவில்லை. இதைப் பிடித்துக்கொண்டுதானே பாட்டா நின்றார் என்று நானும் ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன்.

ஜூலை 15, சனி

பஸ்ஸில் கோட்டாறு போனேன். தாணுலிங்கம் என்று ஒருவர், முன்பு பட்டாளத்தில் ஆயுத மராமத்து பார்த்தவர், இப்போது வேட்டைத் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறார். கை கழுவிவிட்டு வந்துதான் தொட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னமா வேல பாத்திருக்கான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு உருளைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து காட்டினார். "டீச்சரம்மா, இது பின்னால பித்தளத் தோட்டா போடுத சாதி. அம்பத்தொம்பதுல இங்க வெள்ளக்காரங்கிட்ட உள்ளதுல முன்னால மருந்து இடிச்சு ஈயக்குண்டு வைக்கணும். இது அதுக்குப் பத்துப் பன்னெண்டு வருசம் பொறவு வந்தது."

"எங்க பாட்டா பொய் சொல்லுத ஆளில்ல" என்றேன்.

"பாட்டாவ நான் ஒண்ணும் சொல்லல. துப்பாக்கியச் சொல்லுதேன்."

மதிப்பு கேட்டேன். "இரும்புக்கும் வேலைக்கும் முப்பது ரூவா போடலாம். கதைக்கு வெல எனக்குத் தெரியாது."

கருப்பட்டிக் காப்பி கொண்டு வைத்தார்கள். குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

பிரசங்கம் காதில் ஏறவில்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான், தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவன் செயலரான பிறகு எங்கள் கோவிலில் குழந்தைகள் அழுவதில்லை.

ஜூலை 20, வியாழன்

குழலின் மேல் லண்டன் கம்பெனியின் பெயர் இருக்கிறது. அடியில் ஓர் எண், 18643. இந்த எண்ணுள்ள ரிவால்வரை எந்த ஆண்டு செய்தீர்கள் என்று கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். என் இங்கிலீஷை மிஷன் அம்மா திருத்தித் தந்தார்கள். பதில் வரட்டும், அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்த் தாணுலிங்கத்தின் பட்டறையில் ஆணியடித்து மாட்டுகிறேன்.

செப்டம்பர் 9, சனி

தபால் இல்லை.

அக்டோபர் 21, சனி

வந்துவிட்டது. நான்கே வரி. எண் 18643, செய்தது 1871. அதே ஆண்டு நவம்பரில் கொழும்பிலுள்ள ஒரு கடைக்கு அனுப்பியது.

அறுபத்திரண்டு வருஷம். கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ ஒருவன் ஓர் எண்ணைப் புத்தகத்தில் எழுதி வைத்து, அதை இவ்வளவு நாள் யாரோ பத்திரமாக வைத்திருந்து, இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு டீச்சர் கேட்டதும் எடுத்துச் சொல்கிறார்கள். நினைத்தால் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. பிரமித்துக்கொண்டே அழுதேன்.

குலசேகரத்துக்கு மேலே மலையில் பாட்டா கொஞ்ச காலம் காப்பித் தோட்டத்துக் கூலிகளுக்கு உபதேசியாராக இருந்தார். அங்கிருந்த துரைகளில் பாதிப்பேர் கொழும்பிலிருந்து வந்தவர்கள். ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது பாட்டாவுக்கு எதையோ கொடுத்ததாக அப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார். கடிகாரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அப்பம் அண்ணைக்குப் பாட்டா கையில என்ன இருந்துது? ஒருவேள நிக்கவே இல்லியோ? எல்லாமே கட்டுக்கதையோ? — ஏட்டி ராஜபாயி, உனக்கு எதுக்கு இந்த வேல? பாரத்துல அம்பத்தொம்பதுன்னு எழுதிட்டுப் போயிருக்கப்பிடாதா?

அக்டோபர் 22, ஞாயிறு

அண்ணனிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தான்.

"இந்தக் காயிதத்த அடுப்புல போடு."

மாட்டேன் என்றேன். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. "நம்ம குடும்பத்துக்கு இந்த ஊருல தல நிமிந்து நடக்க வேற என்னட்டி இருக்கு?" என்று கேட்டான்.

காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நானும் அந்தக் கதையை வைத்துத்தானே இத்தனை நாள் தலை நிமிர்ந்து நடந்தேன்.

நவம்பர் 4, சனி

அன்று கோவிலுக்குள் இருந்தவர்களில் பூங்கனியம்மை ஒருத்திதான் உயிரோடு இருக்கிறாள். அப்போது பன்னிரண்டு வயது, இப்போது எண்பத்தேழு. பனங்கிழங்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். "எல்லாரும் எனக்குச் சொல்லித் தருவாவ. ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதில்ல மக்கா."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உள்ள நாங்க மூச்சு விடாம இருக்கோம். உங்கப்பன் அப்பம் எட்டு மாசப் பிள்ள. வீல்னு அழுகான். சத்தம் கேட்டா உள்ள ஆளிருக்குன்னு தெரிஞ்சிரும்லா. உங்க பாட்டா பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போனாவ, அமத்திட்டு வரலாம்னு. அதுக்குள்ள ஆளுவ கோவில் முத்தத்துக்கு வந்தாச்சு. தீப்பந்தமும் கம்புமா. நான் கதவு இடுக்கு வழியா பாத்தேன். உங்க பாட்டா ஓடல. உள்ளயும் வரல. கதவுல சாஞ்சு நிண்ணாவ."

"கையில துப்பாக்கி இருந்துதா?"

"துப்பாக்கியா? கையில உங்கப்பன்லா இருந்தான்."

"பாட்டா என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. பிள்ளையத் தட்டிக்கிட்டே நிண்ணாவ. அவன் அழுது முடிக்கது வர ஒருத்தனும் பேசல. பொறவு முன்னால நிண்ண ஒருத்தன் பந்தத்த மண்ணுல குத்தி அணைச்சான். எல்லாரும் திரும்பிப் போயிட்டாவ."

"ஏன் போனாவ?"

"அது எனக்குத் தெரியாது மக்கா. இண்ணைக்கு வரைக்கும் தெரியாது."

துப்பாக்கி எப்போது வந்தது என்று கேட்டேன். பாட்டா செத்த பிறகுதான் அது கதைக்குள் வந்தது என்றாள். ஆயுதமில்லாமல் ஒருவர் நின்றதற்கு நாற்பது பேர் போனார்கள் என்றால் யார் நம்புவார்கள்? பெட்டியில் ஒரு துப்பாக்கி வேறு இருந்தது. நீங்கள் ஏன் திருத்தவில்லை என்றதற்கு, "துப்பாக்கிக் கதையும் நல்லாத்தான் இருந்துது" என்று கிழங்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்தேனா மிதந்தேனா தெரியவில்லை. ரிவால்வரைப் பார்த்து அசந்து போனதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

நவம்பர் 5, ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். "அப்பாவா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டான். பிறகு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனான். சாப்பிட வரவில்லை.

அப்பாவுக்கு இது தெரியுமா? தெரியாமலா "கேட்டுப் பாக்கியவ" என்று சொன்னார்? இனி யாரிடம் கேட்க.

டிசம்பர் 11, திங்கள்

கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்று அண்ணனே சொல்லிவிட்டான். லீவு போட்டு அவனோடு தக்கலை போய் ரிவால்வரை ஒப்படைத்தேன். செய்த ஆண்டு 1871. மதிப்பு முப்பது ரூபாய். "ஊருல ஐநூறுண்ணுல்லா பேச்சு கேட்டேன்" என்றார் குமாஸ்தா. அண்ணன் முந்திக்கொண்டு, "இரும்புக்கு அவ்வளவுதான் சார்" என்றான். கடைசியாக ஒரு தடவை உருளையைச் சுற்றிப் பார்த்துக் கொடுத்தேன். பிரிய மனம் இல்லாமல்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

தாணுலிங்கத்துக்கு ஒரு மட்டி வாழைக்குலை கொடுத்துவிட்டேன். அடுத்த தடவை போனால் காப்பி குடித்துவிட்டுத்தான் வருவேன்.

1934 ஜனவரி 14, ஞாயிறு

எழுபத்தைந்தாம் ஆண்டு. கோவில் நிறைந்து வெளியிலும் ஆட்கள். கண்ணாடிப் பெட்டி இல்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். பூங்கனியம்மையை நாற்காலியோடு தூக்கி வந்து முன்னால் உட்கார வைத்திருந்தோம்.

அண்ணன் எழுதி வைத்த பேச்சைக் கொண்டு வரவில்லை. பூங்கனியம்மையின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றான். பிறகு பூங்கனியம்மை சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தான். "எங்க பாட்டா கையில..." என்றபோது பின்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அண்ணன் பேச்சை நிறுத்தி அந்தப் பக்கம் பார்த்தான். பழக்கத்தில் அந்தப் பெண் பதறி எழுந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"இரு மக்கா," என்றான் அண்ணன். "வெளிய கொண்டு போவாண்டாம்."

அவள் அங்கேயே நின்று தட்டிக்கொடுத்தாள். குழந்தை நன்றாக அழுதது. அது அழுது முடிக்கும் வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.