பக்கத்துக்குக் கீழே இருந்தவை

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே அனல். கம்பெனி பஸ் லேட், ஒரகடம் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் மறித்து நின்றதால்.

செய்ய வேண்டியவை: காஸ் புக்கிங், மு.வின் யூனிஃபார்ம், வீட்டு விக்கியை வேறு தளத்துக்கு மாற்றுவது. முதல் இரண்டும் ஆயிற்று.

பழைய விக்கியை, நாங்கள் இருவரும் எழுதி வைக்கும் அந்த இணையப் பக்கங்களை, சனியோடு மூடுகிறார்களாம். ஓசியில் இவ்வளவு காலம் ஓடியதே பெரிது. எங்கள் வீட்டு விஷயம் எல்லாம் அதில்தான். மோட்டார், ரேஷன், ஹவுஸ் ஓனரம்மாவின் சட்டதிட்டம். எனக்குப் பகல் ஷிப்ட், என் வீட்டுக்காரர் மு.வுக்கு வல்லம் வடகால் கம்பெனியில் நைட். நான் பஸ் ஏறிய பிறகுதான் அவர் இறங்குவார். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் மேலே போய்த் தொலைந்துவிடும் என்று கல்யாணமான புதிதில் அவர்தான் விக்கி தொடங்கினார்.

ஜூன் 10, செவ்வாய்
புழுக்கம். புது விக்கியில் ஏற்றினேன். முதல் தடவை தமிழெல்லாம் கேள்விக்குறி. அடுத்து, எழுத்து வந்தது, படம் வரவில்லை. ஒருவழியாக எல்லாம் வந்தது. அப்பாடா என்று மோட்டார் பக்கத்தைத் திறந்தால் கீழே காலி. பக்கங்கள் வந்திருக்கின்றன, அடியில் நாங்கள் எழுதிக்கொண்ட கருத்துகள் வரவில்லை. ஒன்றுகூட.

மேலே நான் எழுதியது: ‘முதலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றவும், பிறகு ஸ்விட்ச்.’ அது இருக்கிறது.
கீழே மு.: ‘ஊத்தியாச்சு. நீ தூங்கு.’
நான்: ‘தூங்குறவ எப்படிங்க இதைப் படிப்பா?’
மு.: ‘கனவுல வந்து படி.’
அது இல்லை.

நாங்கள் குடும்பம் நடத்தியதே அந்தக் கீழ்ப்பகுதியில்தான். அழுதேன். சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 11, புதன்
புதுத் தளத்துக்காரர்களிடம் உதவி கேட்டு எழுதியதற்குப் பதில் வந்தது. கருத்துகளை மாற்ற வழியில்லையாம். அதிகம் பேர் பயன்படுத்தாத வசதியாம். நல்லா இருங்கள்.

லைனில் பக்கத்து டேபிள் கோமதி: “இன்னாடி, மூஞ்சி இப்டி கீது? வூட்ல சண்டையா?”
“சண்டை போட ஆள் வூட்ல இருக்கணுமே.” விக்கி விஷயத்தைச் சொன்னேன்.
“சொல்ல வேண்டியத பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டு வா. இதுக்கு ஒரு கம்ப்யூட்டரு!”
சிரித்து வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி
கையாலேயே காப்பி செய்கிறேன். பழைய தளம் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. ஊரே மூட்டை கட்டுகிறது போல.

முதல் வருடம்: மீன் குழம்பு பக்கத்துக்குக் கீழே அவர் ஊர்ப் பெருமை, என் வாலாஜாபாத் கேலி, மறுபடி அவர். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கிறது.
போன வருடம்: ‘சரி.’ ‘ஆச்சு.’ ‘சரி.’
இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு ஒரு டிக் மட்டும்.
என்னுடையதும் அப்படித்தான். தினமும் பார்த்தும் கண்ணில் படவில்லை. டிக்கையும் விடாமல் காப்பி செய்தேன், எதற்கென்று தெரியாமல்.

ஜூன் 14, சனி
மழை. ஓ.டி. முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் கரண்ட் இல்லை, நெட் இல்லை. இன்னும் பாதிப் பக்கங்கள் பாக்கி. காய்ச்சல் பக்கம், அவர் அம்மா வந்திருந்தபோது எழுதியது, எதையும் எடுக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு
வெயில். துணி மூன்று வாளி. பழைய தளம் திறக்கவே இல்லை. அவ்வளவுதான், போயே போச்சு.

இருவருக்கும் லீவு. மு. மத்தியானம் எழுந்தார். விஷயத்தைச் சொன்னேன்.
“விடு. புதுசுல எழுதிக்கிடலாம்.”

டீ போட்டேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். பேச ஒன்றும் அகப்படவில்லை, எனக்கும்தான். டம்ளரில் ஆடையை ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

“ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

கோபமெல்லாம் இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு, அன்பாகத்தான் சொன்னார். “பேஜ்ல போட்டுரு செல்வி. பொறவு படிச்சிக்கிடுதேன்.” திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

லேப்டாப்பைத் திறந்தேன். புதுப் பக்கம். தலைப்பு வைக்காமல் உள்ளே விடமாட்டேன் என்கிறது.