அம்மாவுக்கு ரெண்டாவது அர்த்தம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ ஆங்கிலத்தில் அனுப்பிய செய்தி வந்தபோது நான் பட்டறையில் கடைசல் மெஷினில் நின்றிருந்தேன், எழுத்துக் கூட்டிப் படித்ததில் மே மாதமும் 'ஆர்டெய்ன்' என்பதும்தான் பிடிபட்டன, ஆர்டர் என்றால் நமக்குத் தெரியாதா, பிள்ளை ஊர்ப் பக்கமே மாற்றல் ஆர்டர் வாங்கிவிட்டான் என்று நானே முடிவுகட்டி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் அறையை ஒழித்து, சுவருக்கு நீலம் அடித்து, புது மெத்தை போட்டு, தையல்கடை அத்தையிடம் பெண் பார்க்கவும் சொல்லிவைத்தாள். மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மாவிடம் பெருமையாகப் போனை நீட்டினாள். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, "இது வேலை ஆர்டர் இல்லம்மா, சர்ச்சுல குருப்பட்டம் குடுக்கறது. உங்க பையன் சாமியார் ஆகப்போறாரு, இனி கல்யாணமெல்லாம் கிடையாது" என்றார். நீ அங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதாகத்தானே நாங்கள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம்.

அம்மா அழவில்லை. "அவனே ஆர்டெய்ன் பண்ணிக்கிறானா?" என்று மட்டும் கேட்டாள். தானாகச் செய்துகொள்ள முடியாது, பெரியவர் ஒருவர் தலையில் கைவைத்துச் செய்வது, அதனால்தான் 'செய்யப்படுவேன்' என்று எழுதியிருக்கிறார் என்று நர்ஸம்மா விளக்கினார். கடவுள் நமக்கென்று விதிப்பது என்றும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டாம். "அப்ப அவனுக்கு மொத அர்த்தம், எனக்கு ரெண்டாவது" என்றாள் அம்மா. பிறகு அந்த அறைப் பக்கமே அவள் போகவில்லை, நான்தான் கதவைச் சாத்தினேன்.

உன்மேல் கோபம் இல்லையடா, வருத்தம்தான். ஆங்கிலத்தில் சொன்னால் எங்களுக்கு வலிக்காது என்று நினைத்தாயோ என்னவோ. உனக்குப் பட்டம் கொடுக்கிற அன்றைக்கு அம்மாவையும் கிளம்பச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், "பக்கத்துல நின்னு பாக்க எனக்குத் தெம்பில்ல, நீங்க போயிட்டு வாங்க" என்றுவிட்டாள். நான் வருகிறேன். பெற்றவர்களை எழுந்து நிற்கச் சொன்னால் நான் ஒருவன்தான் நிற்பேன், அதை நினைத்து அந்த நேரத்தில் நீ கலங்காதே.

எடுத்த காரியத்தில் நீ நிலைத்து நிற்க வேண்டும், அதற்கு என் ஆசீர்வாதம் முழுசாக உண்டு. மறக்காமல் பட்டம் வாங்குவதற்கு முன்னால் அம்மாவுக்குப் போன் பண்ணு, தமிழில் நீயே சொல். அவள் பதில் பேசாவிட்டாலும் போனை வைத்துவிடாதே, கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா