மூன்றாவது முத்தம்

என் செல்ல மகளுக்கு,

நேற்று நீ ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டேன். பாரிஸில் உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

ஈஸ்டருக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது அப்பாவுக்குப் பாரிஸ் வழக்கப்படி இரண்டே முத்தம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டாய். நம் மோன்பெலியேயில் மூன்று. மூன்றாவதற்காகத் திருப்பிய கன்னத்தோடு அவர் வாசலிலேயே நின்றார்.

"பாரிஸ்காரி ஆயிட்டாடி உன் மக! அடுத்த தடவ வரட்டும், நாலா வாங்கிடறேன்" என்று சிரித்தார்.

நேற்று சவப்பெட்டியை மூடுவதற்கு முன் தெருவே வந்து எனக்கு மும்மூன்று முத்தம் கொடுத்தது. அடுத்த வீட்டு ஓதீல், "மக எங்கடி?" என்றாள்.

"வழியில இருக்கா" என்றேன்.

பிறகு குனிந்து, உனக்காக அவருக்கு ஒன்று கொடுத்தேன். அவர் கன்னத்தைத் திருப்பவில்லை.

அம்மா