நகத்தில் ஏலக்காய்க் கறை

மாதா துணை

ஷார்ஜா, செப்டம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு மகன் பிலவேந்திரன் எழுதுறது. நான் நல்லா இருக்கேன். உன் முட்டுவலி எப்படி இருக்கு? எண்ணெய் தேய்க்கிறயா?

இங்கன ஒரு விசேஷம். வேலை குறைஞ்சு போச்சுன்னு கம்பெனில எங்கள ஒன்றரை மாசமா ரூம்லயே இருக்கச் சொல்லிட்டாக. நல்ல ரெஸ்ட்டு. தூங்கித் தூங்கி மூஞ்சி ஊதிப் போச்சு. நீ கவலைப்படாத.

தங்கச்சி ஷெரின் மாதா திருவிழா போட்டோ அனுப்பியிருந்தா. தேருக்கு முன்னால நீ கைகூப்பி நிக்கிற. பெருசு பண்ணிப் பாத்தேன். உன் நகமெல்லாம் கறுப்பா இருக்கு. சோப்புப் போட்டாலும் போகாத அந்தக் கறை ஏலக்காய் பறிக்கிற கைக்குத்தான் வரும். வீட்லதான் இருக்கேன்னு போன்ல சொன்னயே? அப்ப தினம் விடியக்காலம் ஜீப்புல கம்பமெட்டு மலை ஏறி கேரளா தோட்டத்துக்குப் போற. பத்துப் பேர் ஏறுற ஜீப்புல இருபது பேரை அடைச்சுக்கிட்டு அந்த வளைவுல எப்படித் திருப்புவாகன்னு எனக்குத் தெரியாதா?

போன்ல கேட்டா மழுப்பிருவ. அதான், போகாதன்னு எழுத உக்காந்தேன். மூணு தாளக் கிழிச்சாச்சு. பணம் அனுப்பாம ரூம்ல படுத்துக் கெடக்கிறவன் எந்த வாயால சொல்றது?

லீவுல ஊருக்கு வர்ற எங்க ரூம் ஈஸ்வரபாண்டி அண்ணன்கிட்ட இதக் குடுத்து விடுறேன். அவரு திரும்புறப்ப எலுமிச்சை ஊறுகாயும் என் பழைய போர்வையும் குடுத்து விடு. துவைக்காமக் குடு, பரவாயில்ல. அவர ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக வண்டி வந்திருச்சு.

அம்மா, ஜீப்புல பின்னால தொங்கிக்கிட்டுப் போகாத. டிரைவர் பக்கத்து சீட்டக் கேட்டு உக்காந்துக்க.

மகன்
பிலவேந்திரன்