ஒருவழி ரிக்கற்

அன்புள்ள நிரூபாவுக்கு,

நீயும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். மாமியின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. அகதி வழக்குக்குத் திகதி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

போனிலேயே சொல்லியிருப்பேன், உள்ளே ஒரு பொருள் வைக்க வேண்டியிருந்ததால் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை, மேல்மாடியில் இருக்கும் சிவபாதம் அண்ணை ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு சின்ன ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய ரயிலொன்றைச் சம்பளம் வாங்காமல் ஆசைக்கு ஓட்டுகிறவர்களின் நிலையம். அண்ணையும் அங்கே ஆட்கள் இருக்கிற வாங்குகளுக்குப் பெயின்ற் அடிப்பவர். வரும்போது பஸ் பிடிக்கலாம் என்று நினைத்து நான் ஒருவழி ரிக்கற் கேட்டேன். ரிக்கற் கொடுத்த வெள்ளைக்கார அம்மா சிரித்துவிட்டுப் போய்வருகிற ரிக்கற்றைத் தந்தார்.

“தம்பி, அங்காலை ஊருமில்லை, பஸ்ஸுமில்லை. தண்டவாளம் சோளக்காட்டுக்குள்ளை முடியுது. ஏறின ஆக்கள் எல்லாரும் உந்த ரயிலிலைதான் திரும்ப வேணும்,” என்றார் அண்ணை.

“அப்ப ஏனண்ணை போறது?”

“திரும்பி வாறதுக்குத்தான்.”

சோளக்காட்டில் பத்து நிமிடம் நின்றது. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டினார்கள். எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். நான் இறங்கவில்லை, விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று ஒரு பயம். சிரிக்காதே.

என் சைக்கிளை யாருக்கும் கொடுக்க வேண்டாம். மாதம் ஒருக்கால் காற்று அடித்து வை. வீட்டில் உடுக்கச் சாரம் இரண்டு அனுப்பு, பழசே போதும்.

பஸ் வருகிற நேரம், வேலைக்கு ஓட வேண்டும். போகும்போது ரிக்கற்றில் பாதியைக் கிழித்து வாங்கினார்கள். திரும்பும் பாதியை யாரும் கேட்கவில்லை. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். என் பாஸ்போர்ட் கிடந்த மேசை லாச்சியில் போட்டு வை.

உன்,
ஜனார்த்தன்